வானத்துப் பெட்டியை மெல்லத் திருப்பிய மகளுக்கு

பாப்பா,

முதலில் மம்பாவ் கோயிலில் நான் பட்ட அவமானத்தைச் சொல்லிவிடுகிறேன். உன் அம்மா ஏற்கெனவே சொல்லியிருந்தாலும் பாதியைத்தான் சொல்லியிருப்பாள். மீதிப் பாதியில் அவள் தூணுக்குப் பின்னால் நின்று சிரித்துக்கொண்டிருந்தாள். உன் சேட்டலைட்டைத் திருப்பப் போகிற நாளுக்கு முந்தின வெள்ளிக்கிழமை, அதன் பேரில் ஓர் அர்ச்சனை செய்துவிடலாம் என்று தட்டோடு வரிசையில் நின்றேன். என் முறை வந்ததும் ஐயர் வழக்கம்போலப் பேர் கேட்டார். சொன்னேன். உன் ஆபீசில் அதற்கு வைத்த பேர் மூன்று இங்கிலீஷ் எழுத்தும் ஒரு நம்பருமாக இருந்ததால் அவர் அதை வண்டி நம்பர் என்று எடுத்துக்கொண்டார். "லாரி பூசை வெளியிலதாங்க. எலுமிச்சம்பழம் வாங்கி சக்கரத்துக்கு அடியில வச்சிட்டு கூப்பிடுங்க, வர்றேன்," என்றார். "லாரி இல்லீங்க சாமி, மேல இருக்கு," என்று நான் விரலை மேலே காட்டினேன். அவர் முகம் மாறிவிட்டது. தட்டைக் கீழே வைத்துவிட்டு, "எப்ப தவறுனாங்க?" என்று மெல்லக் கேட்டார்.

"ஐயோ, உசுரோடதான் இருக்கு சாமி. திரும்ப முடியல, அவ்ளோதான்," என்றேன். எனக்குப் பின்னால் நின்ற ஓர் அம்மாவுக்கு இது போதுமானதாக இருந்தது. "படுத்த படுக்கையாங்க? பக்கத்துக்குப் பக்கம் திருப்பி விடணும், இல்லாட்டி முதுகு புண்ணாயிடும்," என்றார். "சக்கரம் ஒண்ணு வேலை செய்யலம்மா," என்று நான் விளக்கப் போக, "வீல்சேரும் கெட்டுப்போச்சா!" என்று அவர் கண் கலங்கிவிட்டார். ரஹாங்கில் நன்றாக உருவிவிடுகிற ஒருவர் இருக்கிறாராம். அவருடைய போன் நம்பர் இன்னும் என் சட்டைப்பையில் கிடக்கிறது. கடைசியில் உன் பேருக்கும் உன் நட்சத்திரத்துக்குமே அர்ச்சனை செய்து, வரிசையில் இருந்த அத்தனை பேரும் எனக்காகப் பரிதாபப்பட்டுக்கொண்டிருக்க, விபூதி வாங்கிக்கொண்டு வெளியே வந்தேன். நீ சிரிப்பாய் என்று தெரியும். சிரி. அடுத்த ஞாயிறு நீ வெளிநாட்டு வேலைக்கு விமானம் ஏறிவிட்டால் உன் சிரிப்பை நான் போனில்தான் பார்க்க வேண்டும். அதில் பாதி நேரம் உன் நெற்றி மட்டும்தான் தெரிகிறது.

இதைப் பத்திரிகைக்கு அனுப்புகிறேன் என்று கோபித்துக்கொள்ளாதே. உன் கையில் கொடுத்தால் என் எதிரிலேயே படிப்பாய், நான் எழுந்து மோட்டர் சைக்கிளைத் துடைக்கப் போய்விடுவேன். வாட்ஸ்அப்பில் சொல்லலாம் என்றால் என் கட்டை விரல் ஒரே நேரத்தில் மூன்று எழுத்தை அமுக்குகிறது. படிவம் மூன்றோடு பள்ளிக்கூடத்தை விட்டு எண்ணெய் லாரி ஏறினவன் எழுதுவதில் பிழை இருக்கும். அதைப் பத்திரிகைக்காரர்கள் பார்த்துக்கொள்வார்கள். விஷயத்தில் பிழை இருந்தால் நீ திருத்து. நீ செய்த காரியத்தை நான் எப்படிப் புரிந்துகொண்டேன் என்று என் வாயால் நாலு பேருக்குச் சொல்ல வேண்டும்போல் இருக்கிறது. செனாவாங்கில் சொல்லி முடித்தாகிவிட்டது. இங்கே இனிமேல் கேட்பதற்கு ஆளில்லை. என்னைக் கண்டால் கடைக்காரர் உள்ளே போய்விடுகிறார்.

நீ முதன்முதலில் எனக்கு விளக்கிச் சொன்ன ஞாயிற்றுக்கிழமை உனக்கு நினைவிருக்கும். துவைக்கிற மிஷின் அளவுக்கு ஒரு பெட்டி, பூமியைச் சுற்றிக்கொண்டிருக்கிறது. வெள்ளமும் புகைமூட்டமும் எங்கே வருகிறது என்று படம் எடுக்க வேண்டியது. அதற்குள் சின்னச் சின்னச் சக்கரங்கள். ஒன்று நின்றுவிட்டது. அதிலிருந்து பெட்டி வெயில் காய்ந்துகொண்டு, கேமராவை எங்கேயோ வெற்று வானத்தில் நீட்டிக்கொண்டு கிடக்கிறது. "உள்ள இருக்கிற சக்கரம் சுத்துனா வெளிய இருக்கிற பெட்டி ஏன்மா திரும்புது?" என்று கேட்டேன். நீ வாயால் விளக்காமல், வீட்டிலிருந்து வேலை செய்ய வாங்கிய அந்தச் சுழல் நாற்காலியைப் போர்ச்சுக்கு உருட்டி வந்து என்னை அதில் உட்காரவைத்தாய். உன் பழைய சைக்கிளின் முன்சக்கரத்தைக் கழற்றி, வேகமாகச் சுற்றிவிட்டு என் கையில் கொடுத்து, "இப்ப இதைச் சாய்ங்கப்பா," என்றாய். சாய்த்தேன். நாற்காலி தானாகத் திரும்பியது! யாரும் தொடவில்லை, என் கால் தரையில் படவில்லை, ஆனால் நான் பாட்டுக்கு வாசல் கேட்டிலிருந்து சமையலறைப் பக்கம் திரும்பிக்கொண்டிருக்கிறேன். இந்த வயதில் எனக்கு அப்படியொரு கூச்சல் வரும் என்று நானே நினைக்கவில்லை. மறுபக்கம் சாய்த்தேன், மறுபக்கம் திரும்பியது. ஃபேக்டரியில் காலை ஷிஃப்ட் முடிந்து வந்த உன் அம்மா, ஹெல்மெட்டைக் கழற்றாமலே கேட்டில் நின்று பார்த்தாள். "என்னங்க இது?" என்றாள். "நான்தான் சேட்டலைட்டு," என்றேன். "அப்ப சோறு மேலயே வந்துடுமா?" என்று கேட்டுவிட்டு உள்ளே போனாள்.

சக்கரம் போய்விட்டால் மிச்சம் இருப்பது கேஸ் என்றாய். ஓரத்தில் சின்னக் குழாய்கள், ஒரு புஸ் என்று விட்டால் பெட்டி திரும்பும். "அப்ப புஸ்ஸுன்னு விட வேண்டியதுதான லா, என்ன கவலை?" என்றேன். நீ என் நாற்காலியை ஓங்கி ஒரு தள்ளு தள்ளினாய். நான் இரண்டு சுற்றுச் சுற்றி, நிறுத்தத் தெரியாமல், செம்பருத்திச் செடிக்குள் காலை விட்டேன். "பாத்தீங்களா? திருப்பறதுக்கும் கேஸ் வேணும், நிறுத்தறதுக்கும் அதே அளவு வேணும். அங்க தரையும் இல்ல, காத்தும் இல்ல, செம்பருத்தியும் இல்ல," என்றாய். வேகமாகத் தள்ளினால் வேகமாகவே பிடித்து நிறுத்த வேண்டும். இரண்டு பக்கமும் நஷ்டம். மெல்லத் தொட்டுவிட்டால் நடுவில் போகிற தூரம் முழுக்க இலவசம், கடைசியில் மெல்லத் தொட்டாலே நின்றுவிடும். மேலே பெட்ரோல் நிலையம் கிடையாது. இருக்கிற கொஞ்சம் கேஸையும் ஒரே திருப்பத்தில் கொட்டிவிட்டால் அப்புறம் எதிரில் குப்பை வந்தால்கூட அது ஒதுங்க முடியாது. பாப்பா, எனக்கு அன்றைக்கு ராத்திரிச் சோறு இறங்கவில்லை. கவலை என்று நினைக்காதே, சந்தோஷம். இத்தனை வருஷம் எண்ணெய் டாங்கர் ஓட்டினவன் நான். நிறுத்துவதற்கு என்ன செலவாகும் என்பது எனக்குத் தெரிந்த ஒரே பாடம். அதையே என் மகள் ஆகாயத்தில் படித்துக்கொண்டிருக்கிறாள்!

அந்த உற்சாகத்தில்தான் மறுநாள் காலையிலேயே உனக்குப் போன் போட்டு அறிவுரை சொன்னேன். பாதி நிரம்பின டாங்கரில் பிரேக் பிடித்தால் உள்ளே இருக்கிற பாமாயில் முன்னால் வந்து மோதும், பின்னால் போய் மோதும், லாரி நின்ற பிறகும் ஆட்டிக்கொண்டே இருக்கும், உன் பெட்டிக்குள்ளும் கேஸ் தண்ணீராக இருந்தால் ஜாக்கிரதை என்று. பெரிய ரகசியத்தைக் கண்டுபிடித்துக் கொடுத்துவிட்டேன் என்று நெஞ்சு விரிந்து நின்றேன். நீ ரொம்ப மரியாதையாக, "ஆமாப்பா, அதுக்கு ஒரு முழுப் பாடமே இருக்கு, ரெண்டாவது வருஷமே படிச்சிட்டோம்," என்றாய். பக்கத்தில் நின்ற காளிமுத்து, அதுதான் என்னோடு இத்தனை காலம் லாரி ஓட்டின உன் காளி சித்தப்பா, விழுந்து விழுந்து சிரித்தான். "அண்ணே, நாசாவுல உங்களத்தான் தேடிக்கிட்டிருக்காங்க, போங்க," என்றான். போகட்டும். இரண்டாம் வருஷப் பாடம் ஒன்று படிக்காமலே எனக்குத் தெரிந்திருந்தது என்று நான் இன்னும் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறேன்.

அதற்குப் பிறகு நீ சொன்னதுதான் எனக்குப் புரிய நாளானது. மெல்லத் திருப்புவது மட்டும் இல்லை, சுற்றுவழியாகத் திருப்பப் போகிறேன் என்றாய். பெட்டியின் எந்த முனை பூமிக்குக் கிட்டத்தில் இருக்கிறதோ அந்த முனையைப் பூமி ஒரு இழை கூடுதலாக இழுக்குமாம். நேர்வழியில் திருப்பினால் அந்த இழுப்பு எதிர்த்து நிற்கும், லோடோடு மலை ஏறுகிற மாதிரி. முதலில் எதிர்ப் பக்கமாகப் போய், சாய்ந்து, வளைந்து வந்தால் அதே இழுப்பு நமக்காக வேலை செய்யும், இறக்கத்தில் கியரில் விட்ட வண்டி மாதிரி. "வழி நீளம், நேரம் அதிகம், ஆனா கேஸ் ஒரு தும்மல் அளவுதான்பா," என்றாய். சமையல் எண்ணெய்ப் போத்தலைக் கையில் வைத்துக்கொண்டு திருப்பித் திருப்பிக் காட்டினாய். எனக்குப் போத்தல் புரியவில்லை. சமையலறையில் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்த உன் அம்மாவைப் பார்த்ததும் புரிந்துவிட்டது.

நாம் எஸ்டேட்டை விட்டு செனாவாங்குக்கு வந்த கதை உனக்குத் தெரியாது. நீ அப்போது இரண்டாம் வகுப்பு. உன் அம்மாவுக்கு இங்கே ஃபேக்டரியில் வேலை கிடைத்து, விடியுமுன் செம்மண் ரோட்டில் மோட்டர் ஓட்டிக்கொண்டு போய்வந்தாள். எனக்கோ எஸ்டேட் லைன் வீட்டை விட மனசில்லை. வாடகை கிடையாது, கொல்லையில் மரவள்ளி, எதிர்வீட்டில் காளிமுத்து. அவள் ஒரே ஒரு தடவை, "டவுன் பக்கம் போயிடலாமாங்க?" என்றாள். நான் குதித்த குதியில் கூரைத் தகரமே அதிர்ந்தது. அதோடு அவள் அந்தப் பேச்சை விட்டுவிட்டாள். தள்ளவே இல்லை. ஸ்கூல் பஸ் எங்கள் லைனுக்கு வருவதை நிறுத்தியது. "ம்," என்றாள். மழையில் என் மோட்டர் வாய்க்காலில் இறங்கியது. "ம்." மில்லில் லாரி நிறுத்தும் இடத்தை டவுன் பக்கம் மாற்றினார்கள், நான் போக வர இரட்டைத் தூரமானது. அதற்கும் "ம்" தான். ஒவ்வொன்றும் என்னைக் கொஞ்சம் கொஞ்சமாக அவள் பக்கம் சாய்த்துக்கொண்டிருந்தது. அவள் செய்ததெல்லாம் குறுக்கே நிற்காமல் இருந்ததுதான். ஒருநாள் நானே வீட்டுக்குள் நுழைந்து, ஏதோ புதிதாகக் கண்டுபிடித்தவன் மாதிரி, "ஏய், செனாவாங்குல வீடு பாத்தா என்ன?" என்று கேட்டேன். "நீங்க சொன்னா சரிங்க," என்றாள். ஒரு தும்மல் அளவுகூடச் செலவில்லை. உன் கையிலிருந்த போத்தலைப் பார்த்துக்கொண்டே, "இத அம்மாகிட்டயா கத்துக்கிட்ட?" என்று நான் கேட்டபோது நீ விழித்தாய். அதன் அர்த்தம் இதுதான். அந்த ஊரில் போய் உனக்கென்று ஒருவன் அமைந்தால், அவனிடம் என்னைப்போலக் குதிக்கிற குணம் இருந்தால், புத்தகத்தைப் பார்க்காதே. அம்மாவுக்குப் போன் பண்ணு.

ஆனால் உன் ஆபீசில் உன் சுற்றுவழி யாருக்கும் பிடிக்கவில்லை. உங்கள் பெரியவர் கெட்டவர் இல்லை என்று நீயே சொன்னாய். அவருக்கு ஒரே கவலை, வெயில் பட்டால் மட்டும் ஏறுகிற அந்தப் பேட்டரி. சுற்றுவழியில் போகும்போது பெட்டி வெகுநேரம் வெயிலுக்கு முதுகைக் காட்டும். அதற்குள் பேட்டரி இறங்கிப்போனால் எல்லாம் முடிந்தது. அப்புறம் அதைக் கூப்பிட்டாலும் பதில் வராது. நேர்வழியில் கேஸை அடித்துத் திருப்பினால் நிச்சயம் திரும்பும், ஆயுசு மட்டும் போய்விடும். கடைசியில் உன் கணக்கைப் பலமுறை ஓட்டிப் பார்த்து, உன் முகத்துக்காகவும் கொஞ்சம், சரி என்றார். கையெழுத்தெல்லாம் உன் பேரில். பெட்டி செத்தால் உன் பேர் செத்தது. உனக்கு வேலை தருவதாக இருந்த வெளிநாட்டுக் கம்பெனிக்காரர்களும் இதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள் என்று உன் அம்மாவிடம் சொன்னவள், என்னிடம் மட்டும் சொல்லவில்லை. நான் ஊரெல்லாம் சொல்லிவிடுவேன் என்று பயம். நியாயமான பயம்.

அந்த நாளும் வந்தது. அன்றைக்கு நான் செய்த முட்டாள்தனத்தை காளிமுத்து உனக்கு வீடியோவே அனுப்பியிருப்பான். உன் பெட்டி ஒவ்வொரு சுற்றிலும் நம் தலைக்கு மேலே வரும் என்று நீ சொல்லியிருந்தாய் அல்லவா? தலைக்கு மேலே என்றால் தெரியும்தானே என்று நினைத்துவிட்டேன். நமது தாமான் குடியிருப்புத் திடலுக்குப் பத்துப் பேரைக் கூட்டிக்கொண்டு போனேன். நாற்காலி, குடை, யாரிடமோ வாங்கின தொலைநோக்கி, உன் அம்மா போட்ட நெத்திலி சம்பல் சாப்பாடு, எல்லாம். பட்டப்பகல், மேலே மேகம். "எந்தப் பக்கம்ணே வருது?" "மேற்கேர்ந்து." "மேற்கு எதுணே?" எல்லாரும் அண்ணாந்து பார்த்துக்கொண்டிருக்கும்போது ஒரு விமானம் போயிற்று. காளிமுத்து எழுந்து நின்று கைதட்டினான். "திரும்புது, திரும்புது! பாருங்க, பாப்பாவோட பொட்டி திரும்புது!" என்று கத்தினான். பக்கத்து வீட்டு மலாய்க்காரர் அவசரமாகச் செருப்பை மாட்டிக்கொண்டு ஓடி வந்தார். அது கே.எல்.ஐ.ஏ.வில் இறங்குகிற விமானம் என்று அவர்தான் சொன்னார். "தாப்பா லா," பரவாயில்லை என்று என் தோளில் தட்டி, அவரும் உட்கார்ந்துகொண்டார்.

அதற்குள் நீ முதல் செய்தி போட்டாய். தொட்டாகிவிட்டது, மெல்லத் திரும்ப ஆரம்பித்துவிட்டது என்று. நாங்கள் போட்ட சத்தத்தில் திடலில் மேய்ந்த கோழியெல்லாம் பறந்தது. அடுத்த சுற்றில் வந்த செய்தியை உன் அம்மாதான் வாசித்தாள், குரல் இறங்கிவிட்டது. பெட்டி எதிர்ப் பக்கம் பார்த்துக்கொண்டிருக்கிறது. அது அப்படித்தான் பார்க்க வேண்டும், சுற்றுவழி அதுதான், நீ கணக்குப் போட்டு வரைந்த கோட்டில்தான் போகிறது. ஆனால் கோட்டை நம்புவது ஒன்று, இறங்குகிற பேட்டரி நம்பரைக் கண்ணால் பார்ப்பது வேறொன்று. அடுத்த தடவை வரும்போதும் இப்படியே இருந்தால் கேஸை அடித்துத் திருப்பிவிடலாம் என்று அறையில் இருந்த அத்தனை பேரும் சொன்னார்கள். அடுத்த தடவையும் இப்படியேதான் இருக்கும், அதற்குப் பிறகுதான் பூமி இழுக்க ஆரம்பிக்கும் என்று சொன்னவள் நீ ஒருத்தி. அந்த இடைவெளியில்தான் என் போன் அடித்தது.

"அப்பா," என்றாய். உன் குரலில் மூச்சு மட்டும்தான் இருந்தது. "எல்லாரும் கேஸை அடிச்சுத் திருப்பிடலாம்னு சொல்றாங்கப்பா. பெரியவரும் சொல்றாரு. நான் மட்டும்தான் வேணாம்னு நிக்கிறேன். என்னப்பா பண்றது?"

நான் குடைக்கு வெளியே வந்து நின்றேன். எல்லாரும் என்னையே பார்த்தார்கள். வாயைத் திறந்தேன். வந்தது, "சாப்பிட்டியா?" என்பதுதான்.

அந்தப் பக்கம் நீ சிரித்துவிட்டாய். "காலையிலேர்ந்து ரெண்டு பிஸ்கட்டுப்பா."

"அப்ப போய் முதல்ல எதாச்சும் தின்னு. வெறும் வயித்துல எதுவும் முடிவு பண்ணாத."

"சரிப்பா," என்று வைத்துவிட்டாய். படிக்கட்டில் உட்கார்ந்து ஒரு நாசி லெமாக் பொட்டலத்தைப் பிரித்துச் சாப்பிட்டதாகவும், பாதி சாப்பிடும்போதே நெஞ்சு அடங்கிவிட்டதாகவும், கையைக் கழுவிக்கொண்டு போய்ப் பெரியவர் முன்னால் நின்று, "தொட வேணாம் சார்," என்று சொன்னதாகவும் நீ பிறகு சொன்னாய். அவர் சரி என்று தலையாட்டியிருக்கிறார். பெட்டி தலைக்கு மேலே வந்தது, எதிர்ப் பக்கமே பார்த்தபடி, நீ சொன்ன மாதிரியே. அத்தனை பேரும் கையைக் கட்டிக்கொண்டு, அது கடந்து போவதைப் பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறீர்கள். எவ்வளவு பெரிய காரியம், பாப்பா! பொத்தான் விரலுக்கடியில் இருக்கிறது, விரல் அசையவில்லை.

திடலில் சம்பலை யாரும் தொடவில்லை. உன் அம்மா என் போனைத் தன் மடியில் வைத்துக்கொண்டாள், நான் அதை உற்றுப் பார்த்தே உடைத்துவிடுவேன் என்று. அப்புறம் அது துடித்தது. செய்தி இல்லை, படம். மேகம், மேகத்துக்கு நடுவே ஒரு கரை, பழுப்பு நிறத்தில் ஓர் ஆறு கடலில் கலக்கிறது. கீழே நீ எழுதியிருந்தாய், "பூமியைப் பார்க்குதுப்பா. கேஸ் ஒரு தும்மல் கூட இல்ல." நான் என்ன செய்தேன் என்று எனக்கு ஞாபகமில்லை. குடையைத் தூக்கி எறிந்தேனாம், மலாய்க்காரரைக் கட்டிப் பிடித்தேனாம், காளிமுத்துவைத் தூக்கப் போய் இரண்டு பேரும் புல்லில் விழுந்தோமாம். உன் அம்மா மட்டும் படத்தை விரலால் பெரிதாக்கி, "இதுல நம்ம வீடு எங்கங்க?" என்று தேடிக்கொண்டிருந்தாள். அந்தக் கரை எந்த நாட்டுக் கரை என்றே அப்போது யாருக்கும் தெரியாது. தே தாரிக் டீக்கடையில் அன்றைக்கு எல்லாருக்கும் காளிமுத்து செலவு. அவன் வாழ்நாளில் அது ஒரு சரித்திரம்.

அதற்குப் பிறகுதான் அந்த வேலை வந்தது. இன்னும் பெரிய பெட்டி, இன்னும் தூரத்து ஊர், குளிராம். போ, பாப்பா. சந்தோஷமாகப் போ. அங்கே யாரும் உன்னை அவசரப்படுத்தினால் பதற்றப்படாதே. அவர்களையும் நேராகத் தள்ளாதே, எந்தப் பக்கம் தானாகச் சாய்கிறார்கள் என்று பார். ஞாயிற்றுக்கிழமை அம்மாவிடம் பேசு, என்னிடம் பேச நேரமில்லாவிட்டாலும் பேச்சு எனக்கு வந்துவிடும், அவள் ஸ்பீக்கரில்தான் போடுவாள். கம்பளிச் சட்டை வாங்க மறக்காதே. உன் பெரியவர் விமான நிலையத்துக்கு வருகிறேன் என்றாராமே, அவருக்கு என் வணக்கத்தைச் சொல். தன் கையைக் கட்டிக்கொண்டு நிற்கத் தெரிந்த மேலதிகாரியை நான் என் காலத்தில் பார்த்ததில்லை.

இவ்வளவும் எழுதியது ஒன்றைச் சொல்வதற்காக. போன வாரம் உனக்கு நாங்கள் வைத்த விருந்தில் நீ எழுந்து பேசினாய். "அன்னைக்கு எல்லாரும் ஆளுக்கு ஒண்ணு சொன்னாங்க. எங்கப்பா மட்டும் எதுவும் சொல்லல, சாப்பிட்டியான்னு மட்டும் கேட்டாரு. என்னை அவ்ளோ நம்புனாரு," என்றாய். எல்லாரும் கைதட்டினார்கள். காளிமுத்து கண்ணைத் துடைத்தான். நானும் தலையைக் குனிந்துகொண்டு, தட்டில் இருந்த கோழியைப் பார்த்துச் சிரித்துவைத்தேன். அந்தக் கைதட்டலை நான் வைத்துக்கொள்ள முடியாது, பாப்பா. நம்பிக்கையால் நான் சும்மா இருக்கவில்லை. எஸ்டேட்டில் பிறந்து, ஆபீஸ் கிராணி முன்னால் கையைக் கட்டி, மில் மேனேஜர் முன்னால் தொப்பியைக் கழற்றி, சரிங்க, சரிங்க என்றே பழகின வாய் இது. குடைக்கு வெளியே வந்து நின்றேனே, அப்போது சொல்வதற்கு ஒரு வார்த்தை தொண்டை வரைக்கும் வந்து நின்றது. நான் சொன்னதை எப்போதும் கேட்கிற பிள்ளை நீ. சொல்லியிருந்தால் அன்றைக்கும் கேட்டிருப்பாய். எப்படியோ அது உள்ளே போய், சாப்பாடு வெளியே வந்தது. நான் சொல்லாமல் விட்டது இதுதான்: "பெரியவங்க சொல்றாங்கல்ல, திருப்பிடு பாப்பா."